இரும்புக்கை மாயாவிக்கு இப்போது வயது என்ன?

சிவகாசி என்றதும் வெளியூர் அன்பர்களுக்கு முதலில் பட்டாசும், அடுத்துத் தீப்பெட்டியும், அதற்கும் அடுத்துச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியும் நினைவுக்கு வரும். மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். எங்கள் சீமை வானம் பார்த்த பூமி. பயிருக்குப் பகையான அந்த வறண்ட காற்றே தீக்குச்சி உலரத் துணையாயிற்று. தீப்பெட்டியின்மேல் ஒட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சு இயந்திரங்கள் வந்து அமர்ந்த ஊரில் அச்சு லேபிளோடு நின்றுவிடுமா? நாட்காட்டி வந்தது, வாழ்த்து அட்டை வந்தது, பள்ளி நோட்டு வந்தது. அந்த வரிசையில் 1972-ஆம் ஆண்டு முத்து காமிக்ஸும் வந்து சேர்ந்தது.

அதன் முதல் இதழின் நாயகனே இரும்புக்கை மாயாவி. 1962-ல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழில் பிறந்தவன். இயற்பெயர் லூயிஸ் கிராண்டெல். ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளனாக இருந்த அவன் ஒரு விபத்தில் வலது கையை இழக்கிறான். இரும்பினால் ஒரு கை பொருத்தப்படுகிறது. பின்னொரு நாள் மின்சாரம் உடலில் பாய, உடல் முழுதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. தொடக்கத்தில் தீய வழியில் திரும்பிப் பின்னர் திருந்தி உளவுத்துறைக்கு உழைக்கிறான். கதை இவ்வளவே. ஆயினும் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் இவனுக்காகத் தின்பண்டக் காசைச் சேர்த்து வைத்தார்கள்.

விபத்தில் கையை இழந்தவன் கதை, அப்படிக் கையை இழந்தவர்கள் தெருவுக்கு ஒருவராய் நடமாடும் ஊரில் அச்சாகி வெளிவந்தது. திருச்சியிலும் தஞ்சையிலும் அதைப் படித்த சிறுவனுக்கு இரும்புக் கை வியப்பாக இருந்திருக்கும். எங்கள் பக்கத்துச் சிறுவனுக்கு அது பக்கத்து வீட்டுச் செய்தி. அவனுக்கு வியப்பளித்தது வேறொன்று. கை போனபின்னும் இவனுக்கு வேலை இருக்கிறதே என்பதுதான்.

கிராண்டெலுக்கு 1962-ல் 25 வயது என்று வைத்துக்கொண்டால் இன்று அவன் தொண்ணூறை நெருங்கிக் கொண்டிருக்கும் கிழவன். அவனைப் படித்தவர்களுக்கு நரைத்துவிட்டது. சிலருக்குப் பேரப்பிள்ளைகள் உண்டு. மறுபதிப்புகளில் அவன் மட்டும் அதே கரிய தலைமுடியுடன் ஓடிக்கொண்டிருக்கிறான். சிறார் கதைகளின் வழக்கம் அது. கதாசிரியர்கள் தங்கள் பிள்ளைகளை வளரவிடுவதில்லை. வளர்ந்தால் கேள்விகள் எழும். சாப்பாட்டுக்கு என்ன செய்தான், யாரை மணந்தான், வீடு சொந்தமா, வாடகையா என்று கேட்பார்கள். ஆனால் படிக்கிற பிள்ளைகள் கேட்காமல் விடுவதில்லை. ஏறத்தாழ முப்பதாண்டுகளாகப் பகலில் பள்ளியில் தமிழும் மாலையில் மக்தபில் அரபியும் கற்பித்து வருகிறேன். “அப்புறம் என்னாச்சு?” என்னும் வினா எழாத கதை ஒன்றைக்கூட நான் சொன்னதில்லை.

அந்த வினாவை முதன்முதலில் என்னிடம் தீவிரமாகக் கேட்டவன் என் பால்ய நண்பன். எங்கள் தெருவில் என்னோடு வளர்ந்து, ஒரே பாயில் அமர்ந்து யஸ்ஸர்னல் குர்ஆன் ஓதியவன். பத்து வயதில் அவன் பள்ளிப் படிப்பு நின்றது. விடிவதற்கு முன்பே தெருமுனைக்கு வண்டி வரும். கண்ணைக் கசக்கிக்கொண்டே பிள்ளைகள் ஏறுவார்கள். தீப்பெட்டி ஆபீசில் அவனுக்குக் கட்டை அடுக்கும் வேலை. கட்டைக்கு இத்தனை பைசா என்று கூலி. (தொழிற்சாலையை ஆபீஸ் என்று சொல்வது எங்கள் பகுதி வழக்கு. பத்து வயதில் எங்கள் பிள்ளைகள் ஆபீசுக்குப் போனார்கள் என்று வெளியூரில் சொன்னால் பெருமையாக எடுத்துக்கொள்வார்கள்.) கூலியிலிருந்து வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதில் அவன் மாயாவி புத்தகம் வாங்குவான். பள்ளிக்குப் போன என் கையில் காசு இராது. எழுத்துக் கூட்டி வேகமாகப் படிக்க அவனால் இயலாது. அதனால் அவன் வாங்குவான், நான் படித்துக் காட்டுவேன். ஒப்பந்தம் யாருக்கும் நட்டமில்லாமல் நடந்தது.

என் பதினைந்தாம் வயதில் அத்தா என்னை வெளியூர் மதரஸாவில் சேர்த்தார். பெட்டிக்குள் இரண்டு மாயாவி இதழ்களும் வந்தன. அங்கே ஒரு நாள் அவை உஸ்தாதின் கையில் அகப்பட்டன. கிழித்தெறிவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, ஃபிக்ஹு வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்தி, “இவன் ஒளூச் செய்வது எப்படி?” என்று கேட்டார்.

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கை மணிக்கட்டோடு போயிருந்தால் எஞ்சிய முன்கையை முழங்கை வரை கழுவ வேண்டும். முழங்கைக்கு மேலே போயிருந்தால் கழுவும் கடமையே நீங்கிவிடும். இரும்புக் கை உடல் அன்று, ஆகையால் அதைக் கழுவுவதில் பயனில்லை. கழற்ற முடியுமானால் கழற்றிவிட்டு அடியில் உள்ள தோலுக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டும். இவ்வாறு அரை மணி நேரம் பாடம் நடந்தது. உடல் கண்ணுக்குத் தெரியாதபோது இவன் இமாமாக நின்றால் பின்னால் நிற்பவர்களின் தொழுகை செல்லுமா என்றொரு மாணவர் கேட்க, அதற்கும் அரை மணி நேரம் போயிற்று.

இத்தகைய கற்பனை வினாக்கள் அரபுச் சட்டக் கலைக்குப் புதியவை அல்ல. கூஃபா நகரத்து அறிஞர்களை அவர்களோடு மாறுபட்டவர்கள் ‘அரஅய்த்தக்காரர்கள்’ என்று கேலி செய்ததுண்டு. ‘இப்படி நேர்ந்தால் என்ன சொல்வீர்?’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் கேட்பவர்கள் என்பது பொருள். உஸ்தாத் அந்த மரபில் வந்தவர். அன்று அவர் செய்தது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கிற்று. சிறுவர் கதையில் ஓடித் திரிந்த ஒருவனை அவர் பாலிக் ஆக்கிவிட்டார். பருவம் எய்தியவன் என்றால் கணக்குக் கேட்கப்படுபவன் என்பது நமது நூல்களின் இலக்கணம். மாயாவிக்குக் கடமைகள் வந்தன. கடமை வந்தால் உரிமையும் கூடவே வருமன்றோ?

உரிமையைப் பற்றிக் கேட்டவன் என் நண்பன். தீப்பெட்டியிலிருந்து பட்டாசுக்கு மாறியிருந்தான். கூலி அங்கே கூடுதல். 1989-ல், அவனுக்குப் பத்தொன்பது வயது நடக்கையில், மருந்து கலக்கும் அறையில் வெடித்தது. அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் சேரும் இடத்தில் சிறு உராய்வு போதும். வலது கை மணிக்கட்டோடு போயிற்று. ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு தொகை கொடுத்தார்கள், ஒரு காகிதத்தில் இடது கைப் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார்கள், திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. தேநீர்க் கடையில் அவனுக்கு மாயாவி என்று பெயர் வைத்தார்கள். அவன் கோபப்படவில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்த என்னைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போய், “ஏன் மச்சான், அந்த இரும்புக் கைக்கு யாரு காசு கொடுத்தா? நீதானே எல்லாத்தையும் படிச்சுக் காட்டினே, அதைப் படிச்சாப்லே ஞாபகமில்லையே?” என்றான்.

நான் படித்த தமிழ் இதழ்கள் எதிலும் அதற்கு விடை இல்லை. ஆராய்ச்சிக் கூடம் கொடுத்ததா, காப்பீடு கொடுத்ததா, பேராசிரியர் மனமிரங்கிக் கொடுத்தாரா? கதை அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுகிறது. கை வந்துவிட்டது, கணக்கு வரவில்லை.

இங்கிலாந்திலும் இவ்வகைக் கேள்வி எழாமல் இல்லை. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் ‘ஆல்பியன்’ என்னும் படக்கதை ஆறு பகுதிகளாக வெளிவந்தது. ஆலன் மூர் கதைத் திட்டம் வகுக்க, அவருடைய மகள் லியா மூரும் மருமகன் ஜான் ரெப்பியனும் எழுத, ஷேன் ஓக்லி சித்திரம் தீட்டினார். அறுபதுகளின் சிறுவர் இதழ்களில் உலவிய மாந்தர் அனைவரும் மெய்யாகவே வாழ்ந்தவர்கள் என்றும், அவர்களைக் கண்டு அஞ்சிய அரசாங்கம் ஸ்காட்லாந்தில் ஒரு மறைவான சிறையில் அடைத்து வைத்திருக்கிறது என்றும் அதில் கற்பனை செய்தார்கள். நம் மாயாவி அங்கே கைதி. சிவகாசி வழியாகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிமுகமான ஸ்பைடரும் அங்கே இருக்கிறான். நல்ல கற்பனைதான். எனினும் என் மனம் முழுமையாக ஒப்பவில்லை. நாயகனுக்கு முதுமை தரப் புகுந்தவர்கள் அவனுக்குச் சிறையைத் தந்தார்களே ஒழிய ஒரு வீட்டையோ வேலையையோ தரவில்லை. ஆற்றல் மிக்கவனை அரசு பூட்டி வைக்கும் என்பது பெரிய அச்சம். கை போனவனை எவரும் பூட்டி வைக்காமலே விட்டுவிடுவார்கள் என்பது அதனினும் பெரியது. அதை எங்கள் ஊரில் பிறந்தவர் எழுதியிருக்க வேண்டும்.

அரபுக் கதைகளில் இக்குறை குறைவு. ‘ஆயிரத்தோர் இரவுகள்’ கதைமாந்தரை நன்றாகவே வளர்த்துவிடும். வளர்த்து, மணமுடித்து, கடைசியில் இன்பங்களையெல்லாம் முறிக்கும் மரணத்தின் வாசல்வரை கொண்டுவிட்டே பல கதைகள் ஓயும். குழந்தைகளுக்குச் சொல்கையில் அந்தக் கடைசி அடியை நாம் விழுங்கிவிடுகிறோம். அலாவுதீன் பதினைந்து வயது ஊதாரிப் பையனாகத் தொடங்கி, பின்னர் மருமகனாகி, முடிவில் சுல்தானாகவே ஆகிவிடுகிறான். ஆனால் அவனைவிட அவன் கதையைச் சொன்னவரின் பிற்கால வாழ்வே எனக்குச் சுவையாகப் படுகிறது. பழைய அரபுக் கையெழுத்துப் படிகளில் அலாவுதீன் கதை இல்லை. ஹலப் நகரத்திலிருந்து பாரிஸுக்குப் போயிருந்த ஹன்னா தியாப் என்னும் சிரிய இளைஞர் 1709-ல் அந்துவான் காலான் என்ற பிரெஞ்சுப் பண்டிதருக்கு அதைச் சொன்னார். காலான் எழுதினார், புகழ் அவருக்குப் போயிற்று. அந்த இளைஞர் அரச நூலகத்தில் ஒரு வேலை கிடைக்கும் என்று காத்திருந்தார். கிடைக்கவில்லை. ஊர் திரும்பித் துணி வணிகரானார். 1760-களில், முதுமையில், தம் பயண நினைவுகளை அரபியில் எழுதி வைத்தார். அக்கையெழுத்துப் படி வத்திகான் நூலகத்தில் கிடந்து, நம் நாளில்தான் உலகறிய அச்சேறிற்று. விளக்கைத் தேய்த்தவனுக்கு அரண்மனை கிடைத்தது. விளக்கைக் கதையில் ஏற்றியவருக்குத் துணிக்கடை கிடைத்தது. துணிக்கடை ஒன்றும் இழிவான முடிவு அன்று. எங்கள் தெருவில் பாதிப்பேர் அதைக் கேட்டால் மாஷா அல்லாஹ் என்பார்கள்.

ஒரு குழந்தையைப் படிப்படியாக வளர்த்துக் காட்டிய கதை வேண்டுமாயின் இப்னு துஃபைல் எழுதிய ‘ஹய்யிப்னு யக்ழான்’ இருக்கிறது. 1185-ல் மறைந்த அந்த அந்தலூஸிய அறிஞர் ஆளில்லாத் தீவில் ஒரு குழந்தையை விடுகிறார். மான் ஒன்று பாலூட்டி வளர்க்கிறது. பின்பு ஏழேழு ஆண்டுகளாக அவன் வளர்ச்சியைக் கணக்கிட்டுச் சொல்லிக்கொண்டே போகிறார். ஏழு வயதில் தன் உடலை மறைக்கத் தெரிகிறது. தாய்மான் இறந்தபோது, அவளை நிறுத்திவிட்டது எது என்று தேடி நெஞ்சைப் பிளந்து பார்க்கிறான். பின்னர் நெருப்பைக் காண்கிறான், வான்கோள்களின் ஓட்டத்தை ஆராய்கிறான், ஐம்பது வயதை எட்டும்போது படைத்தவனைத் தன் சிந்தனையாலேயே உணர்ந்தவனாய் நிற்கிறான். முதன்முதலாக மனிதரிடையே சென்று தான் கண்டதைப் போதிக்க முயல்கிறான், அவர்கள் ஏற்கவில்லை, தீவுக்கே திரும்பிவிடுகிறான். 1671-ல் லத்தீனில் பெயர்க்கப்பட்ட இந்நூலை ஐரோப்பியர் விரும்பிப் படித்தார்கள். கதைக் குழந்தைக்கு ஐம்பது வயதைத் தந்ததோடு ஒரு தோல்வியையும் தந்தார் பாருங்கள், அங்கேதான் இப்னு துஃபைல் மற்றவர்களை விஞ்சுகிறார். (நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றை இங்கே ஏன் சொல்லவில்லை என்று சிலர் கேட்கலாம். சிறுவயதுக் கனவில் தொடங்கி அக்கனவு நனவாகும் முதிர்ந்த பருவத்தில் நிறைவது அது. ஆயினும் அது கற்பனை அன்று. கற்பனைகளோடு ஒரே பலகையில் அதை வைக்க மனம் வரவில்லை.)

இவற்றையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் ஒரு கட்டுரைப் பயிற்சி தருகிறேன். ‘கதை முடிந்த பின்’ என்பது தலைப்பு. பிடித்த கதைப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொண்டு, அது நாற்பது வயதில் என்ன செய்கிறது என்று எழுத வேண்டும்.

என் நண்பன் காலத்தில் இத்தகைய பயிற்சிக்கு எங்கள் ஊரில் பொருளே இருந்திராது. பெரியவனானால் என்ன ஆவாய் என்று எவரும் பிள்ளைகளைக் கேட்டதில்லை. எந்த ஆபீஸ் என்றுதான் கேட்டார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதற்கட்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அக்குழந்தையின் வீட்டில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தர வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் நிதியில் சேர்க்க வேண்டும். ஏட்டில் உள்ளது அப்படியே நடந்ததா என்பது வேறு பேச்சு. விடியற்காலை வண்டியில் சிறுபிள்ளைகள் ஏறும் காட்சி அருகிப் போனது உண்மை. இப்போது அந்த வண்டியில் தாய்மார்கள் ஏறுகிறார்கள். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்களே, அத்தகைய செய்திகள் நின்றபாடில்லை. பசுமைப் பட்டாசு, சரவெடித் தடை, பேரியம் தடை என்று 2018-லிருந்து வந்த கட்டுப்பாடுகளால் எத்தனை மாதம் வேலை இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. இந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளைத்தான் நாற்பது வயதைக் கற்பனை செய்யச் சொல்கிறேன்.

அவர்கள் எழுதுவதைப் படிக்கையில் சிரிப்பும் வரும். சோட்டா பீம் காவல்துறையில் சேர்வான். அல்லது மிட்டாய்க் கடை வைப்பான். ஒரு மாணவன் அலாவுதீனின் மந்திரக் கம்பளத்தை வாடகைக்கு விட்டிருந்தான். லாரிக்காரர்கள் வெடி லோடு ஏற்றத் தயங்குகிறார்களாம். கம்பளத்தில் ஏற்றினால் தில்லிக்கு ஒரே இரவாம். தீப்பிடித்தால் பொறுப்பு பூதத்தினுடையதாம். வணிக மூளை! இன்னொரு மாணவி ஹாரி பாட்டரைப் பற்றி எழுதினாள். 2007-ல் வந்த கடைசி நூலின் இறுதியில், பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அவன் தன் பிள்ளைகளை இரயில் ஏற்றிவிடுகிறான். அவளுக்கு அந்த முடிவு போதவில்லை. “ஐயா, அவருக்கு என்ன வேலைன்னு அந்த முடிவுல எழுதவே இல்லை. மாசச் சம்பளமா, வாரச் சம்பளமா?” என்று கேட்டாள். நான் பார்த்தேன், அவள் சொன்னது சரி. வேறொரு பாத்திரம் பேராசிரியராகிவிட்டதைச் சொல்லும் அந்த அத்தியாயம் நாயகனின் வேலையைச் சொல்லவில்லை. சனிக்கிழமை கூலியை எண்ணி வாழும் வீட்டுப் பெண்ணின் கண்ணில்தான் அது பட்டது.

ஒரு விடைத்தாளை மட்டும் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். எழுதியவன் பட்டாசு விபத்தில் தகப்பனைப் பறிகொடுத்த மாணவன். அலாவுதீனை எடுத்துக்கொண்டவன், அலாவுதீனைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவனுடைய அத்தாவைப் பற்றி எழுதியிருந்தான். கதையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தையற்காரர் முஸ்தபா தொடக்கத்திலேயே, பிள்ளை உருப்படவில்லை என்னும் கவலையில் நோயுற்று இறந்துபோவார். கதை அவரை அதன்பின் திரும்பிப் பார்ப்பதில்லை. இம்மாணவன் அவரைச் சாகவிடவில்லை. அவருக்கு அறுபது வயது ஆகிறது. கண்ணாடி போட்டிருக்கிறார். மகனுடைய அரண்மனையில் இருக்கப் பிடிக்காமல் பழைய கடையிலேயே உட்கார்ந்து பேரனுக்குச் சட்டை தைக்கிறார். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை, அலாவுதீன் வந்து கோத்துக் கொடுக்கிறான். அவ்வளவுதான் கட்டுரை, ஒன்றரைப் பக்கம். ‘நாற்பது வயதில் என்ன செய்கிறது’ என்று கேட்டிருந்தேன் அல்லவா? நூல் கோத்துக் கொடுக்கிறது. கேட்டதற்கு விடை வந்துவிட்டது. மதிப்பெண்ணை முழுமையாகப் போட்டுத் தாளை மூடினேன். அடுத்த தாளை எடுக்கச் சற்று நேரமாயிற்று.

சென்ற ஆண்டு ஒரு மாணவி இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொண்டாள். வீட்டில் பாட்டனார் சேர்த்து வைத்த பழைய இதழ்கள் கிடந்தனவாம். அவள் எழுதிய மாயாவி உளவுத்துறையிலிருந்து ஓய்வு பெற்றுச் சிவகாசியில் குடியிருக்கிறான். முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் போகிறான். படம் பிடிக்கும் நேரம் பார்த்து மின்சாரம் தாக்கிவிட, அட்டையில் கை மட்டும் விழுகிறது. பின்னர் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறான். ஆள் தெரியாததால் பின்னால் வருபவர்கள் எல்லோரும் அவனுக்கு முன்னால் நுழைந்துவிடுகிறார்கள். ஒருவழியாக முறை வந்து, கடைக்காரர் விரல்ரேகை இயந்திரத்தை நீட்டுகிறார். இரும்பு விரலுக்கு ரேகை ஏது? “வீட்ல வேற யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க” என்கிறார் கடைக்காரர். மாயாவிக்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. அவனுக்கு அடுத்து நிற்கும் கிழவிக்கும் ரேகை பதியவில்லை. முப்பது ஆண்டு தீப்பெட்டி ஒட்டிய விரல்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. இருவரும் கடை வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். கதை அங்கே நிற்கிறது.

அந்தத் தாளை என் நண்பனிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். இப்போது அவன் ஒரு காகிதக் கிடங்கில் இரவுக் காவல் பார்க்கிறான். வருகைப் பதிவேட்டில் இடது கையால் கோணல்மாணலின்றிக் கையெழுத்துப் போடுவான். பழைய நாளில் போலவே கண்ணை மூடிக் கேட்டான். கடைக்காரர் பேசும் இடத்தில் இருமல் வரும்வரை சிரித்தான்.

“எத்தனை மார்க் போட்டே மச்சான்?”

“பத்துக்கு எட்டு.”

“ரெண்டு ஏன் குறைஞ்சது?”

“ஒற்றுப்பிழை நிறைய.”

அவன் தாளை வாங்கி இடது கையால் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தான். “அந்தப் புள்ள அவனுக்கு ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்திருக்கு பாரு,” என்றான். “இத்தனை வருசத்துல அவனுக்கு வேற யாரு வாங்கிக் கொடுத்தா? அதுக்கே ரெண்டு மார்க் போடலாம். போடு.”